ஒரே கீபோர்டில் இரண்டு பேர்

கிளினிக்கில் எல்லோரும் அவளை டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, தொண்டை வற்ற வரிசையாக நோயாளிகளைக் கூப்பிட்டவள். அந்த வேலையை இனி ஒரு திரை பார்த்துக்கொள்ளும் என்று டாக்டர் முடிவெடுத்தார். ஆறு மாத கோடிங் வகுப்பில் தேறினால் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றுகிறேன், தேறாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். கல்லூரி வாசலை மிதிக்காதவளிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் மறுநாளே போய்ச் சேர்ந்தாள். அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு போடலாம்.

வகுப்பில் வாத்தியார் வைத்திருந்த முறை விசித்திரமானது. இரண்டு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். ஒருவர் தட்டுவார்; மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் வழி சொல்ல வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை மணியடித்தால் இடம் மாற வேண்டும். கடைசிப் பரீட்சையில் தனித்தனியாகக் கூப்பிட்டு, கூட்டாளி எழுதிய பகுதியில் எதையாவது கெடுத்துக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார். ஒருவர் தவறினாலும் இருவரும் ஃபெயில்.

அவளுக்கு வாய்த்த கூட்டாளி இருபத்துநான்கு வயதுக்காரன். தட்டும் வேகத்தைப் பார்த்து வகுப்பே அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்திருந்தது. "புரியுதாக்கா?" என்பான். "ம்" என்பாள். பச்சைப் பொய். அவள் முறை வந்தால் ஒரு அடைப்புக்குறியைத் தேடி விரல் ஊர்வலம் போகும்; அவன் பெருமூச்சு விடுவான். வீட்டில் மகள் வேறு, "என்னம்மா, ஹோம்வொர்க் முடிச்சியா?" என்று பல வருஷத்துப் பழியைத் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வாரம் அவள் வாத்தியாரிடம் போய் நின்றாள். "சார், என்னால அந்தத் தம்பியும் ஃபெயிலாயிடும். அதுக்கு வேற ஆளப் போடுங்க. நான் நின்னுக்கறேன்."

"அத அந்தத் தம்பிகிட்டயே சொல்லுங்க" என்றார் அவர்.

சொன்னாள். எக்ஸ்பிரஸ் முதல்முறையாகத் தட்டுவதை நிறுத்தினான்.

"அக்கா, நான் வேற இடத்துல ரெண்டு தடவ ஃபெயிலானவன். தனியாத்தான் படிச்சேன். நெட்ல பாத்து அப்படியே போடுவேன், ஓடும். ஏன் ஓடுதுன்னு கேட்டாங்க, முழிச்சேன். இப்ப நீங்களும் 'ம்'னு சொல்லிட்டா நான் யாருக்குச் சொல்லிச் சொல்லிக் கத்துக்கறது? ஏன்னு கேளுங்கக்கா."

அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் ஊரார் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள், விட்டதையெல்லாம் சேர்த்துவைத்துக் கேட்டாள். பரீட்சைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது டோக்கன் கூப்பிடும் புரோகிராம். முதல்முறை ஓடவிட்டதும், முதல் நோயாளிக்குத் திரையில் பூஜ்யம் வந்தது.

"பூஜ்யம் நம்பர் சீட்ட யாருக்குடா தம்பி குடுப்ப?"

"கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்துதான்க்கா எண்ணும்."

"அது உள்ளுக்குள்ள எப்படி வேணா எண்ணிக்கட்டும். வெளிய ஒண்ணுன்னு சொல்லச் சொல்லு. ஆமா, ஏன் பூஜ்யம்?"

அவன் விளக்கத் தொடங்கி, பாதியில் திணறி, திரும்பத் தொடங்கி, முடிக்கும்போதுதான் தனக்கே அது புரிந்தது என்று சிரித்தான்.

அடுத்து இன்னொன்று. கூப்பிட்டதும் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி எழுதியிருந்தான். "பாத்ரூம் போயிருந்தா?" என்றாள்.

"போச்சு, அடுத்த ஆள்."

"சண்டைக்கு உன்கிட்டயா வருவாங்க? என்கிட்டல்ல வருவாங்க. மூணு பேர் கழிச்சு இன்னொரு தடவ கூப்பிடணும்."

அதை எப்படி எழுதுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மணியடிக்கும், இடம் மாறுவார்கள், சண்டை தொடரும். ஐந்தாம் நாள் ஓடியது. அதற்குள் அவள் விரல் பழகியிருந்தது, அவன் விரல் நிதானப்பட்டிருந்தது.

பரீட்சையன்று எக்ஸ்பிரஸ் முதலில் உள்ளே போய், ஜுரம் வந்தவன் முகத்தோடு வெளியே வந்தான். பிறகு அவள்.

"இதுல எது அவர் எழுதினது? காட்டுங்க, அதுல கை வைக்கறேன்" என்றார் வாத்தியார்.

மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பூஜ்யத்தை மாற்றிய வரி? அவன் தட்டினான், ஆனால் சொன்னது அவள். திரும்பக் கூப்பிடும் வரி? அவள் தட்டினாள், இல்லை, நடுவில் மணியடித்தது. வேலையே இதில்தான் தொங்குகிறது.

"தெரியல சார். நெஜமாவே தெரியல."

"அவரும் இதையேதான் சொன்னாரு" என்றார் வாத்தியார். தாமாகவே ஒரு வரியை அழித்துவிட்டு கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

புரோகிராம் ஓடியது, விட்டுப்போன எண் மட்டும் திரும்ப வரவில்லை. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல ஒவ்வொரு வரியையும் ஏன், ஏன் என்று முணுமுணுத்தபடி இறங்கி வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். இரண்டு விரலால், அவசரமில்லாமல், ஒரே வரி தட்டினாள். மூன்று பேர் கழித்து, விட்டுப்போன எண் திரையில் வந்து நின்றது.

"ரெண்டு பேரும் பாஸ். நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

கதவுக்கு வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான் எக்ஸ்பிரஸ். "தம்பி, நாம..." என்று தொடங்கினாள். அழுகை வந்து மறித்துக்கொண்டது.

"பாஸாக்கா?" என்று அவனே சொல்லி முடித்தான்.