முதுகில் விழுந்த உதை

என் மகளுக்கு நாலு வயது. காரில் குழந்தை சீட்டில் உட்காரவைத்தால் என் சீட்டை உதைத்துக்கொண்டே வருவாள். உலு திராமிலிருந்து லாயாங் லாயாங்கில் இருக்கும் மாமியார் வீடு போய்ச் சேர்வதற்குள் பத்து தடவையாவது திட்டிவிடுவேன். ஒருநாள் காரை ஓரங்கட்டி, தொடையில் ஓர் அடியும் வைத்தேன்.

இதற்கு முடிவு கட்டியே தீருவது என்று, என் சீட்டின் முதுகுக்கு உறை வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் உறையைத் தேடி உள்ளே போனார். நான் கடை மேசைக்கு முன்னால் இருந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தேன். கால் வைக்கும் கம்பி உடைந்திருந்ததால் இரண்டு காலும் தொங்கின, கொஞ்ச நேரத்தில் மரத்தும் போயின.

திரும்பி வந்தவர், "அண்ணே, மேசைய உதைக்காதீங்க லா, கண்ணாடி" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் கால்தான் உதைத்துக்கொண்டிருந்தது.

"உறை வேணாம். பிள்ள சீட்டுக்குக் கால் வைக்கிற பலகை இருக்கா?" என்று கேட்டேன். உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த ஒன்றாகப் பார்த்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து மகளை உட்காரவைத்து, அவள் பாதம் முழுதாகப் படியும்வரை விடாமல் ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

அந்த வாரம் மாமியார் வீடு வரைக்கும் ஓர் உதைகூட விழவில்லை. இறங்கும்போது, "அப்பா, இன்னிக்கு ஏன் திட்டல?" என்று கேட்டாள்.

குனிந்து அவளுக்குச் செருப்பை மாட்டிவிட்டேன். அன்று அடித்த தொடையை மெல்லத் தடவிக்கொடுத்தேன்.