ராணிக்குப் பிறந்த குழந்தை

அந்தச் சரித்திரத் தொடர்கதையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஆளுக்கொரு அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவீர்கள். அறுபதுகளில் வாரப் பத்திரிகையில் இரண்டரை வருடம் வந்தது. அதன்பிறகு இரண்டு முறை மறுபடியும் வந்தது, புத்தகமாக வந்தது, இப்போது தொலைக்காட்சியில் வருகிறது. முடிவு தெரிந்தவர்கள்தான் முதல் ஆளாக வந்து உட்காருகிறார்கள். அந்தக் கதையில் ஒரே ஒரு அத்தியாயத்தை எழுதியது நான். அப்போது எனக்குப் பத்து வயது.

எழுத்தாளர் எந்த ஊர்க் கோட்டையை நினைத்து எழுதினாரோ, செஞ்சியில் எங்கள் தெரு அதை எங்கள் கோட்டை என்றே தீர்மானித்திருந்தது. ராணி சிறையிருப்பது கல்யாண மகாலின் எத்தனையாவது மாடியில் என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு. படித்து முடித்ததும் பத்திரிகையின் பின்னைக் கழற்றித் தொடர்கதைத் தாள்களை மட்டும் உருவி அடுக்கிவைப்பார்கள். கதை முடிந்த பிறகு பைண்டு செய்வதற்கு. அப்படிச் சேர்ப்பதில் அம்மாவின் தங்கையான சின்னம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஒரு தாளின் ஓரம் மடங்கினாலும் அவளுக்குச் சோறு இறங்காது.

சின்னம்மா அவலூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதில் ஏழாம் மாதம் இரத்தம் காணவே, சேர்த்துவைத்த தாள்களோடு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். நர்சம்மா வந்து கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திவிட்டு, "எழுந்து உக்காரக் கூடாது, அழக் கூடாது, பதறக் கூடாது. மனசு கலங்குனா புள்ளைக்கு ஆவாது" என்று சொல்லிப் போனார். புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. அதனால் வாராவாரம் படித்துக் காட்டும் வேலை எனக்கு வந்தது.

வினை என்னவென்றால், கதையில் ராணியும் அப்போது கர்ப்பமாக இருந்தாள். ஒரு வாரம் ராணிக்கு வலி கண்டு, எதிரிகள் அனுப்பிய மருத்துவச்சி உள்ளே நுழைந்ததோடு 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அந்த வாரம் முழுதும் சின்னம்மா சரியாகத் தூங்கவில்லை. ஜன்னல் வழியே மலையைப் பார்த்தபடி, "கொழந்த பொழைக்கும் இல்ல?" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை கேட்டாள். ராணியின் குழந்தையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அமாவாசை. பஸ்களையெல்லாம் மேல்மலையனூர்க் கோயில் கூட்டத்துக்குத் திருப்பிவிட்டதால் நண்பகலில் வரவேண்டிய பத்திரிகை வர மாலை நாலரை ஆகிவிட்டது. நைனா அதைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவந்தார். வழக்கத்துக்கு மாறாக அம்மா முதலில் வாங்கிப் படித்தாள். படித்தவள் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். கதையில் குழந்தை பிறந்தது, அழவில்லை. ராணி வெறும் தொட்டிலைக் கட்டிக்கொண்டு அழுவது அரைப்பக்கப் படமாக இருந்தது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "புக்கு வந்துடுச்சாக்கா?"

"இன்னும் வரல" என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்குப் பொய் வராது. வந்தாலும் முகத்தில் நிற்காது. என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்: "நோட்டுல எழுது. கொழந்த பொழச்சிடுச்சுன்னு எழுது. மத்தது உன் இஷ்டம்."

கிணற்றடியில் உட்கார்ந்து எழுதினேன். அவசரத்தில் மசி கொட்டியது. நான் தப்பாக எழுதினால் சின்னம்மா வயிற்றில் இருப்பது செத்துப்போகும் என்று அப்படியே நம்பினேன். மருத்துவச்சியை மனம் மாறவைத்தேன். மருந்தை ஜன்னல் வழியே அகழியில் கொட்டவைத்தேன். குழந்தையைக் கோட்டை முழுக்கக் கேட்கும்படி அழவைத்தேன். தாளைக் கிழித்துப் பத்திரிகைக்குள் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

முக்காலியில் உட்கார்ந்ததுமே சின்னம்மா கை நீட்டினாள். "படத்தைக் காட்டு."

படத்தை நான் மறந்தே போயிருந்தேன். வாராவாரம் முதலில் படம், பிறகுதான் கதை. அதுதான் எங்கள் வழக்கம்.

"இந்த வாரம் படம் போடல சின்னம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். என் விரல்களில் மசி இருந்தது. வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். "சரி, படி" என்றாள்.

பாதி படித்திருப்பேன், எதிர்வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியேறினாள். அவள் வீட்டிலும் அதே பத்திரிகை வாங்குவார்கள். "அந்தப் பாவி எழுதியிருக்கிறதைப் பாத்தியா..." என்று ஆரம்பித்தவளின் கையைப் பிடித்து, "உன் கோழி எங்க கொல்லையில நிக்குது வா" என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு வரி தப்பிப்போனது. சின்னம்மா மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க கெடக்கட்டும். நீ மெதுவா படி, அவசரம் இல்ல."

குழந்தை அழுத இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். "ஆணா, பொண்ணா? அத எழுதலியே" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. தாளை உற்றுப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, "பொண்ணு" என்றேன்.

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா அந்த இதழைத் தாளோடு பரண்மேல் எறிந்தாள். அடுத்த வாரங்களில் அந்தக் குழந்தையைப் பற்றிய வரிகளையெல்லாம் விழுங்கிவிட்டுப் படித்தேன். சின்னம்மா எதுவும் கேட்கவில்லை.

மாதம் நிறைந்து, ஒரு காலை வேளையில் பெண் குழந்தை பிறந்தது. தெருமுனைவரை கேட்கும்படி அழுதது. சின்னம்மாவை எவ்வளவு சாமர்த்தியமாக ஏமாற்றிவிட்டேன் என்ற கர்வம் எனக்கு வெகுகாலம் இருந்தது. குழந்தையோடும் தாள்கட்டோடும் அவள் அவலூர்பேட்டைக்குப் போனாள். பரண்மேல் கிடந்த இதழ் அதன்பிறகு யாருக்கும் ஞாபகமில்லை.

சின்னம்மா இறந்து நான்கு வருடமாகிறது. போன வாரம், அன்று பிறந்த அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். அவளுக்கே பேரன் இருக்கிறான். குரல் கம்மியிருந்தது.

"இன்னாக்கா, டிவியில ராணி கொழந்தைய சாவடிச்சிட்டானுங்க. எங்கம்மா பைண்டு பண்ண புக்குல பொழைக்குதே. நான் எத்தினி தபா படிச்சிருக்கேன். அப்பால ராணி அழுவுறது புருஷனுக்காகன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

புத்தகத்தை எடுத்து அந்த இடத்தைப் பார்க்கச் சொன்னேன்.

"அந்த அத்தியாயம் மட்டும் கையெழுத்துக்கா. நோட்டுத் தாளு, மசி கொட்டியிருக்குது. தாளு காணாம போச்சு, யாரையோ வுட்டு எழுதி வாங்கினேன்னு அம்மா சொல்லும்." கொஞ்ச நேரம் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "கடைசியில மட்டும் பென்சில்ல அம்மா எழுத்து இருக்குது. 'பெண் குழந்தை'ன்னு."

ஓரம் மடங்கினால்கூடப் பொறுக்காதவள், பரண்மேல் கிடந்த இதழைத் தேடி எடுத்து, அச்சடித்த தாளை விட்டுவிட்டு என் தாளை வைத்துத் தைத்திருக்கிறாள். படம் வராத வாரமே கிடையாது என்பது அவளுக்குத் தெரியாதா? முக்காலியில் உட்கார்ந்து நான் தடுமாறியதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பதறக் கூடாது என்று நர்சம்மா சொன்னது அவளுக்கு. ஆனால் அன்று மாலை முழுதும் என்னைப் பதறவிடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.