துணியைவிட மெலிந்த நூல்

வைத்தியசாலைப் போர்வைகளைத் தடித்த நூலால் மட்டுமே தைக்க வேண்டும் என்பது விதி. எழுதியவன் கொள்வனவு அதிகாரியான நான், ஊசி பிடித்தறியாதவன்.

துறைமுக வீதித் தையல்காரி எந்த நூலையும் காதருகே அறுத்துச் சத்தம் கேட்ட பிறகே மெஷினில் கோப்பார். எங்கள் வைத்தியசாலையின் ஒட்டுத்துணிப் போர்வைக்கும் மெல்லிய நூலையே எடுத்தார்.

"தடிச்ச நூல் போடாட்டி ஓடர் இல்லை, அம்மா."

"அப்ப வேண்டாம் சேர். நூல் அறுந்தால் திரும்பத் தைக்கலாம். தடிச்ச நூல் துணியையெல்லோ அறுக்கும்! நீங்கள் போட்டிருக்கிற சேட்டைக் கயிறாலயோ தைச்சது?"

ஓடர் வேறொருவருக்குப் போனது. நான் விதியைத் திருத்த அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதிவிட்டு ஓய்வுபெற்றேன்.

ஆறு மாதத்தில் துணி கிழிந்த போர்வைகள் மூட்டையாகத் துறைமுக வீதித் தையல்காரியிடமே திருத்தத்துக்கு வந்தன. அவர் மெல்லிய நூலொன்றைக் காதருகே அறுத்தார்.

கடைசிப் போர்வையும் தைத்து முடிந்த மறுநாள், பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, அனுமதி வந்தது.