கிளைவ் மீது நான் கொடுத்த முறைப்பாடு

எங்கள் பஸ் கராஜில் கிளைவை மனேஜர் விசாரணைக்குக் கூப்பிட்டார். முறைப்பாடு கொடுத்தவன் நான். தென் லண்டனில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியதைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இதை மறைத்துவிட்டு வேறெதையும் எழுத முடியவில்லை.

கிளைவும் நானும் ஒன்றாக வேலை தொடங்கியவர்கள். அவனுடைய பெற்றோர் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது இங்கேயே, தென் லண்டன் லூயிஷாமில். பயணிகள் ஏசினால் இருவரும் தலையைக் குனிந்துகொள்வோம். பிறகு கன்டீனில் தேநீர் குடித்தபடி ஒருவரை ஒருவர் தேற்றுவோம். அவனும் என்னைப்போலத்தான் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஐம்பது வயதில் அவன் கறுப்பின வரலாற்று வகுப்பொன்றில் சேர்ந்தான். வாரம் ஒருநாள், லைப்ரரியில். அவன் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன்.

“பள்ளிக்கூடத்திலை எங்கட ஆக்களை அடிமையளா மட்டும்தான் படிச்சனான். அதுக்கு முந்தி எங்களுக்கெண்டு ராச்சியங்கள் இருந்ததெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. இந்த ஊர் பஸ்ஸுக்கு ஆள் காணாதெண்டுதான் எங்களைக் கூப்பிட்டவை. அம்மா அப்பிடித்தான் கண்டக்டரா வந்தவ.”

ஒருநாள் டியூட்டி முடிந்து அவனுடைய பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு பயணி, “உன்ரை நாட்டுக்குப் போ!” என்று கத்தினான். கிளைவ் ஹாண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டுத் திரும்பினான்.

“இதுதான் என்ரை நாடு. என்ரை அம்மா டிக்கெட் குடுத்த பஸ் றூட் இது. இருக்கிறதெண்டா இருங்கோ, இல்லாட்டி இறங்குங்கோ.”

குரல் உயரவில்லை. அந்த ஆள் போய் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதம், புதிய ட்ரைவர்களைப் பழக்கும் பொறுப்பும் அவனுக்குக் கிடைத்தது. வீட்டில் புலம்பினேன்.

“அந்த வேலையை நீங்கள் கேட்டனீங்களோ?” என்றாள் மனைவி.

“இல்லை.”

“பிறகென்னப்பா எரிச்சல்?”

மறுநாளே மனேஜரிடம் போனேன். கிளைவ் கன்டீனில் இனம், அரசியல் என்று பேசிப் புதியவர்களைச் சங்கடப்படுத்துகிறான் என்றேன். உண்மையில் அவர்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். விசாரணை முடியும்வரை பொறுப்பு அவனிடமிருந்து எடுக்கப்பட்டது.

“ஆர் செய்திருப்பினம்?” என்று என்னிடமே வந்து கேட்டான். தெரியாது என்றேன்.

“ஆராயிருந்தாலும் இருக்கட்டும். நான் ஆரெண்டு இப்ப எனக்குத் தெரியும். அதை ஒருத்தராலையும் எடுக்க ஏலாது.”

அதைக் கேட்டபின் அந்தப் பொய்யோடு இருக்க என்னால் முடியவில்லை. அடுத்த காலை மனேஜரிடம் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. பிறகு கிளைவிடம் சொன்னேன். கையிலிருந்த தேநீரை மேசையில் வைத்தான்.

“உன்னோடை நானும் வரட்டோ எண்டு நீ கேட்டிருக்கலாம். வகுப்பிலை இடம் இருந்தது.”

அவனுக்குப் பொறுப்பு திரும்பக் கிடைத்தது. என்னோடு தேநீர் குடிக்க அவன் பிறகு வரவில்லை.

நாங்கள் ஏன் இங்கே வந்தோம் என்று மகள் கேட்டபோதெல்லாம் “வேலைக்கு” என்றே சொல்லிவந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் ஊரில் நடந்த போர், முகாம், அகதி விண்ணப்பத்தோடு குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்றது எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“வெக்கப்படுற கதையெண்டு நினைச்சிட்டன், பிள்ளை.”

இப்போது ஸ்டியரிங் பிடிக்கும் தம்பி தங்கைகளே, கூட வேலை செய்பவர் நிமிர்ந்தால் அவரைக் குனியவைக்கப் பார்க்காதீர்கள். எப்படி நிமிர்ந்தீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.