மூன்றாவது தடவை கேட்கவில்லை

அயர்லாந்தில் எங்கள் பாலிடுவேன் கிராமத்தில் டிசம்பர் பிறந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "இந்த வருஷம் கிறிஸ்துமஸ் எப்படி?" பதிலும் ஒன்றுதான்: "அமைதியாத்தான், ஆண்டவர் புண்ணியத்துல." வீட்டில் பதினான்கு பேர் முட்டி மோதிக்கொண்டு கிடந்தாலும் இதே பதில்தான். போன வருஷம் நான் சொன்னபோது அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. அந்த வருஷம் மார்ச்சில்தான் அம்மா செத்துப்போயிருந்தாள். மலக்கி டூஹியாகிய எனக்கு ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பண்டிகைக்குத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமும் இல்லை.

என் வியாதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் எதைக் கொடுத்தாலும் "வேண்டாம்" என்பேன். ஊரே அப்படித்தான். முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாவது வழக்கத்துக்கு. மூன்றாவது தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமமில்லேன்னா அரைக் கப்" என்று இழுத்து, மூன்று கப் டீ குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். மற்றவர்களுக்கு அது டீயோடு நின்றுவிடும். நான் மொத்த வாழ்க்கையையும் அப்படியே நடத்திவிட்டேன்.

மாட்டுத் தீவனக் கடையில் முப்பத்தோரு வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். ஒருமுறை இங்கிலாந்திலிருந்து வந்த முதலாளி, "மேனேஜரா இருக்கீங்களா?" என்று கேட்டார். "ஐயோ, எனக்கேது சார் அவ்வளவு தெறமை?" என்றேன். அவர் தலையாட்டி அதை அப்படியே எழுதிக்கொண்டார். சேர்ந்து மூன்றே மாதமான, கோழித் தீவனத்துக்கும் கன்றுக்குட்டித் தீவனத்துக்கும் வித்தியாசம் தெரியாத டெக்லன் மேனேஜரானான். இன்றைக்கும் எனக்கு லீவு தருவது அவன்தான்.

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். டிம்ப்னா விஷயம் அப்படியல்ல. அவளும் நானும் ஒரே வகுப்பு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "லண்டனுக்குப் போறேன். நீயும் வர்றியா?" என்றாள். "நான் வந்தா உனக்குத் தொந்தரவு" என்றேன். "தொந்தரவு இல்லடா, வா" என்றாள். "இல்ல, நீ போ" என்றேன். மூன்றாவது தடவை அவள் கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜென்மத்தில் நேரத்துக்கு வராத பஸ், அன்றைக்கு மட்டும் வந்தது. ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள், என் கடைக்கு நேர் எதிரே முடிதிருத்தும் கடை போட்டாள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாலு வாரத்துக்கு ஒருமுறை அவளிடம் முடி வெட்டிக்கொள்கிறேன். அத்தனை தடவை வெட்டுமளவுக்கு என் தலையில் முடி இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பண்டிகைக்கு என்ன பண்ணப்போற, மலக்கி?"

"அமைதியாத்தான்."

"எங்க வீட்டுக்கு வாயேன். நானும் ஒத்தையாத்தான் இருக்கேன்."

"சே சே, உனக்கெதுக்குச் சிரமம்?"

"ஒருத்தருக்குச் சமைச்சாலும் அதே வேலைதான். வா."

"பரவால்ல. வீட்டுல எல்லாம் வாங்கி வச்சுட்டேன்."

ஒரு உருளைக்கிழங்குகூட வாங்கியிருக்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அழைப்பு வரவேண்டும். "சரி, உனக்குச் சிரமமில்லேன்னா" என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிடரியில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டு, "சரி" என்றாள். "அடுத்து யாரு?"

நான் எழுந்திருக்கவே இல்லை. வரிசையில் இருந்த திருமதி ஸ்கல்லி இரண்டு தடவை இருமிய பிறகுதான் எழுந்தேன்.

அடுத்த நாலு நாளும் தீவன மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எதிர்க்கடையை வேவு பார்த்தேன். மறுபடி கேட்க அவள் இந்தப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து கோயில் வாசலில் வாழ்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். ஒரு வான்கோழிக் காலை அடுப்பில் வைத்துக் கருக்கினேன். ஊரில் சாராயக்கடைகூடத் திறக்காது அன்றைக்கு. பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மேல் அடுக்கு தீராமல் கீழ் அடுக்கைத் தொடக்கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். வேண்டுமென்றே கீழ் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றேன். திட்ட ஆளில்லை. அடக்க முடியாமல் அழுதுவிட்டேன்.

பிறகு முகம் கழுவி, டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் டிம்ப்னா வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள், "உள்ள வா" என்றாள்.

என் வாய் என்னைக் கேட்கவா செய்கிறது? "இல்ல இல்ல, உள்ள வரல. இதைக் குடுத்துட்டுப் போலாம்னு..."

"சரி" என்று கதவைச் சாத்திவிட்டாள். டின் என் கையிலேயே இருந்தது.

கேட் வரைக்கும் போனேன். இந்தத் தடவை பஸ்ஸைக் குறை சொல்லவும் வழியில்லை. திரும்பி வந்து தட்டினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் உள்ள வரட்டுமா?"

"ஐயோ, உனக்கெதுக்குச் சிரமம்?"

"சிரமமில்ல. வரேன், டிம்ப்னா."

"பரவால்ல. உன் வீட்டுலதான் எல்லாம் வாங்கி வச்சிருக்கியே."

மழை சட்டைக் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு ஒண்ணும் வாங்கல. பொய் சொன்னேன். உன்கூட உக்காந்து சாப்பிடணும்னுதான் ஆசை. லண்டனுக்கும் வரணும்னுதான் ஆசை இருந்துது. உள்ள விடு."

"இதைச் சொல்ல முப்பத்திரண்டு வருஷமாடா?" என்றாள். கதவை அகலத் திறந்தாள்.

மேஜையில் ஏற்கெனவே இரண்டு தட்டு வைத்திருந்தாள். வான்கோழி, பன்றித் தொடை, உருளைக்கிழங்கு, கூடவே ஒரு பெரிய கிண்ணம் நிறையக் குட்டி முட்டைக்கோஸ். சின்ன வயதிலிருந்தே அதன் வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும். ஒரு கரண்டி வைத்தாள். தின்றேன். "இன்னும் வைக்கவா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல பயமாக இருந்தது. "வை" என்றேன். மூன்றாவது, நாலாவது கரண்டியும் அப்படியே உள்ளே போயின.

ஐந்தாவது கரண்டியை அள்ளியவள் பாதியில் நிறுத்தினாள். "உனக்குத்தான் இது சுத்தமாப் பிடிக்காதே?"

"பிடிக்காது" என்றேன். "வை."