தங்கக் கோவில் வாசலில் கழற்றிய சட்டை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸ் விடுமுறையில், கர்நாடகத்தில் மைசூரிலிருந்து குடகுக்குப் போகும் வழியில் நடந்தது இது. திபெத்துக்காரர்கள் குடியிருக்கும் ஓர் ஊரில் பிரமாண்டமான புத்தர் கோவில் ஒன்று இருக்கிறது. கோவில் என்று இப்போது எழுதிவிட்டேன். அது கோவில்தானா என்பதில்தான் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய குழப்பம்.

நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை படிப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. கடையில்கூட வண்ண அட்டையை நீட்டிவிட்டு, அவர்களே கை வைக்கட்டும் என்று சும்மா நிற்பேன்.

அந்த வருடம் ஆவணியில் அக்காவின் கணவர், என் அத்தான், இறந்துபோனார். மாரடைப்பு. ஒரு வாரம் ஐசியுவில் கிடந்துவிட்டுப் போனார். எங்கள் பூர்வீகம் நாஞ்சில் நாடு. துட்டி, அதாவது சாவு, நடந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை கோவிலுக்குள் போவதில்லை. விடிந்ததும் குளித்துக் கோவிலுக்குப் போய்வந்தால்தான் அக்காவுக்கு அன்றைய நாளே தொடங்கும். அதுவும் நின்றதும், அவளுக்குப் போக ஓர் இடம் இல்லாமல் ஆகிவிட்டது. அழவில்லை. அத்தானைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், டிவி ஓடாது.

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் இருக்கும் அக்கா மகள்தான், அம்மாவை இப்படியே விடக்கூடாது என்று கார் ஏற்பாடு செய்தாள். துணைக்கு நானும் போனேன். அக்கா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். போகிற வழியில் கோவில் எதுவும் கூடாது. காப்பித் தோட்டம், ஆறு, யானை, அவ்வளவுதான் என்று மகளும் வாக்குக் கொடுத்தாள்.

டிரைவர் பக்கத்து ஊரான விதுராக்காரர், மலையாளி, தங்கமான மனிதர். ஆனால் யாரையும் கேட்காமல் மெயின் ரோட்டிலிருந்து வண்டியைத் திருப்பிவிட்டார். "சேச்சி, இது கோல்டன் டெம்பிள். இவிடம் வரெ வந்நிட்டு இது காணாதெ போகருது" என்றார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் போகக்கூடாதாம். டெம்பிள் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நுழைவு வளைவைத் தாண்டி உள்ளே போனதும் நான் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டேன். நம் ஊர்க் கோபுரம் போலவே அடுக்கடுக்காக ஏறுகிற முகப்பு. ஆனால் கல் இல்லை, எல்லாம் வண்ணம். கூரை முனைகள் மேல்நோக்கி வளைந்து தங்க நிறத்தில் மின்னின. சிவப்புத் தூண்களில் கடல்நாகம் போன்ற ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பையும் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையையும் எங்கள் கடையில் யாராவது கேட்டால், "கண்ணு குத்தும் சார்" என்று முதலாளியே தடுப்பார். இங்கே குத்தவில்லை. எப்படி என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மண்டப வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா நின்றுவிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்க இருக்கேன்."

"அம்மா, இது டூரிஸ்ட் ஸ்பாட். எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டுப் போறாங்க, பாரு" என்றாள் மகள்.

"ஒன்னையக் கேக்கல்ல." அக்கா என் பக்கம் திரும்பினாள். "எடே, நீ சொல்லு. இது கோவிலா, கோவில் இல்லியா?"

என்னிடம் போய்க் கேட்டால்? சுற்றிப் பார்த்தேன். கொடிமரம் இல்லை. பூக்கடை இல்லை. தேங்காய் இல்லை. அப்படியென்றால் கோவில் இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றச் சொல்லி எழுதியிருந்தது. உள்ளேயிருந்து மணி ஓசையும் வந்தது. அப்படியென்றால் கோவில்தான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு தூரம் வந்து இவள் வெயிலில் தனியாக உட்கார்ந்துவிட்டால், திரும்பவும் கரமனையில் இருக்கும் அவள் வீடு, ஓடாத டிவி. அது எனக்குப் பொறுக்கவில்லை.

"கோவில் இல்லக்கா. சாமியாருங்க படிக்கிற எடம். பள்ளிக்கூடம் மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பிடின்னா வாரேன்" என்று அக்கா செருப்பைக் கழற்றினாள். முகத்தில் முழு நம்பிக்கை இல்லை.

நான் முன்னால் நடந்தேன். அந்தக் கதவு என் இரண்டு ஆள் உயரம். அதன் வழியாக உள்ளே தங்கமாக ஏதோ தெரிந்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, சட்டையைப் பின்னால் நின்ற அக்கா கையில் கொடுத்துவிட்டு, வேட்டியும் வெறும் மேலுமாக உள்ளே போய்விட்டேன். எங்கள் ஊர்க் கோவில்களில் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போக முடியாது. சிறு வயதிலிருந்து பழகிய கை. அதற்கு யார் சொல்வது?

மண்டபத்தின் நடுவில் போய் நின்ற பிறகுதான், எல்லோரும் சட்டையோடு இருப்பது தெரிந்தது. ஒரு கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு பெண் போனைத் தூக்கினாள். சிவப்பு அங்கி போட்ட ஒரு பிக்கு வேகமாக வந்து, புன்னகையோடு ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு அப்படியே நின்றேன்.

"சேட்டா, ஷர்ட் இடூ!" என்று, சட்டையைப் போடச் சொல்லி வாசலில் நின்று டிரைவர் கூவினார். மொத்த மண்டபமும் திரும்பிப் பார்த்தது.

நான் சட்டையைக் கழற்றியதைப் பார்த்து, இது கோவில்தான் என்று வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்ட அக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நேராக என்னிடம் வந்து, சட்டையை என் தோளில் போர்த்திப் பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள்.

"கோவில் இல்லன்னு சொன்னியே. பின்னே எதுக்குடே கழட்டினே?"

"தெரியல்லக்கா."

அவள் பிக்குவைப் பார்த்தாள். அவருடைய அங்கி ஒரு தோளை மூடாமல் விட்டிருந்தது. "அவருக்கே ஒரு தோளுதான் வெளிய தெரியுது. நீ அவரையும் தாண்டிட்டியேடே!" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் ஓடிவந்து பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். மொழி தெரியாத அந்தப் பிக்குவும் சேர்ந்து சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. "எடே, நான் உள்ள வந்துட்டேனே" என்றாள்.

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மூன்று தங்கச் சிலைகள், ஒவ்வொன்றும் மாடி வீடு உயரம். நடுவில் புத்தர். நம் கோவிலில் சாமி இருட்டுக்குள் ஒரு விளக்கு வெளிச்சத்தில் இருப்பார், எட்டிப் பார்க்கவேண்டும். இங்கே மேலே உள்ள ஜன்னல்களிலிருந்து பகல் வெளிச்சம் அப்படியே முகத்தில் விழுந்தது. தடுக்கக் கம்பியும் இல்லை, வேகமாக நகரச் சொல்லித் தள்ள ஆளும் இல்லை.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். கும்பிடவில்லை, கை இரண்டும் மடியில் இருந்தன. புத்தரையே பார்த்தபடி, "கண்ணப் பாத்தியா?" என்றாள். "மூடவும் இல்ல, தொறக்கவும் இல்ல. ஒங்க அத்தான் ஐசியுல இப்பிடித்தான் பாத்துட்டுக் கெடந்தாரு. என்னையத் தெரியுதான்னு கேட்டுட்டே இருந்தேன்டே."

அதைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். மகள் அவளுடைய தோளில் சாய்ந்துகொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் தூணில் இருந்த வண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் எங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் நாகர்கோவிலிலிருந்து எங்கள் அம்மாவின் அக்கா, பெரியம்மை, போன் செய்தாள். "போன எடத்துல கோவில் ஒண்ணும் கேறல்லியே?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். "தம்பிட்ட கேளுங்க, அவனுக்குத்தான் தெரியும்" என்று போனை என் கையில் திணித்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் "தெரியல்ல பெரியம்மை" என்றேன். "தெரியல்லன்னா என்னடே அர்த்தம்? போனியளா, போகல்லியா?" என்று அவள் விடாமல் கேட்டாள். அடுக்களையில் அக்கா சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வருடம் திரும்பியதும் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருக்கும் பெரிய கோவிலுக்கு அவளைக் கூட்டிப்போனேன். வாசலில் அவள் கையை நீட்டி, "இங்க கழட்டலாம், தா" என்றாள்.

குடகு வழியில் நாங்கள் பார்த்தது கோவிலா இல்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் எந்தக் கோவில் வாசலில் சட்டைப் பொத்தானில் கை வைத்தாலும், தம்பி கூட்டத்தில் கூசி நிற்கிறான் என்பதற்காகத் துட்டியையும் மறந்து வாசலைத் தாண்டி வந்த அக்காவின் முகம்தான் எனக்கு முதலில் தெரிகிறது.