ஏழு நாள் வாளி

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி இருக்கிறது. அண்ணன் அதில்தான் நத்தைகளைப் போட்டு வைப்பார். குரும்பகரத்தில் எங்கள் வயல் வாய்க்காலில் பொறுக்கிய பொடி நத்தைகள். தினமும் தண்ணீர் மாற்றி, ஏழு நாள் கழித்துத்தான் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பேத்தை மீனுக்குப் போடுவார். "வயல்ல அடிக்கிற மருந்து அதுங்க ஒடம்புல நிக்கும்டா. அவசரப்படக் கூடாது" என்பார்.

சுண்டுவிரல் நுனி அளவு, பயந்தால் பந்தாக உப்பிக்கொள்ளும் நன்னீர்ப் பேத்தை அது. கடலோர மீனவ ஊரான கிளிஞ்சல்மேட்டுப் பள்ளியில் அண்ணன் வாத்தியார். அங்கே கடல் பேத்தை வலையில் வந்தால் விஷமென்று கரையிலேயே வீசிவிடுவார்கள். "நாங்க தூக்கிப் போடுறத சார் காசு குடுத்து வாங்கி வளக்குறாரு" என்று ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரிப்பார். சாயங்காலம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் அது கண்ணாடியோரம் வந்துவிடும். அவர் நகர்ந்தால் கூடவே நகரும்.

மாரடைப்பில் அண்ணன் போன பிறகும் அது அந்த நேரத்துக்கு வந்து காலி நாற்காலியைப் பார்த்து நின்றது. கூடத்தில் தனியாக இருக்கவே எனக்குப் பயமாக இருந்தது. வாளி காலியாகியிருந்தது; கடைத் தீனியை அது தொடவில்லை. அம்மா சோற்றைத் தொடவில்லை. "அது தின்னாத்தான் நானும் திம்பேன்" என்று சொல்லிவிட்டார். நான்காம் நாள் பொறுக்கமாட்டாமல், வாய்க்காலில் அள்ளிய நத்தைகளை நேராகத் தொட்டியில் போட்டேன். அந்த வாரம் வயலுக்கு மருந்து அடித்தவனே நான்தான். துக்கத்தில் மறந்துபோயிருந்தது. மீன் தின்றது. அம்மாவும் இரண்டு கவளம் சாப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விடிந்தபோது பேத்தை மல்லாந்து மிதந்தது. அதை வாழையடியில் புதைத்தேன். தொட்டிமேல் துணியைப் போட்டு மூடி, "தண்ணிக்கு மருந்து விட்டிருக்கும்மா, தொறக்காதீங்க" என்று பொய் சொன்னேன். காரைக்காலில் கடை திறக்கும்வரை காத்து நின்று அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டேன். புதியது யாரையும் பார்க்கவில்லை, செடிக்குள் ஒளிந்துகொண்டது. அம்மா தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் நத்தைகளோடு வந்தபோது நீல வாளியில் அம்மாவே தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்.

"ஏழு நாள் கெடக்கட்டும்டா. இதையாவது கொன்னுடாத."

குரலில் கோபமே இல்லை. சொல்லிவிட்டு உள்ளே போய் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.